இரண்டு வாதங்களும் வலுவானவை

கோபக்காரர்கள் வங்கித் தேர்வில் தேறுவது கஷ்டம். கணக்குப் பகுதியில் கோபம் குறுக்கே வராது. ஏழை எட்டால் பெருக்கும்போது யார் மேல் கோபப்பட முடியும்? ஆனால் வாதங்களை எடை போடச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. ஒரு கேள்வி இருக்கும். அதற்குக் கீழே ‘ஆம், ஏனென்றால்’ என்று ஒரு வாதம். ‘வேண்டாம், ஏனென்றால்’ என்று இன்னொரு வாதம். எது வலுவானது, எது வலுவில்லாதது என்று குறிக்க வேண்டும். முதலாவது மட்டும் வலுவானது, இரண்டாவது மட்டும் வலுவானது, இரண்டுமே வலுவானவை, இரண்டுமே சொத்தை. விடை இதில் ஒன்றாக இருக்கும். அந்தப் பகுதியில் நான் தொடர்ந்து மண்ணைக் கவ்வினேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் எங்கள் ஊர். காஞ்சிபுரத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் சில வருஷமாக வீட்டில் மாடு கழுவிக்கொண்டிருந்தேன். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், நான் மூவரும் பெரியப்பாவின் பொறுப்பில் இருந்தோம். அவருக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. கழனியும் நாங்களும்தான்.

பெரியப்பாவுக்குத் தெரிந்த சொல் ‘வாணாம்’. ரேடியோ வாணாம். கல்லூரி விடுதி வாணாம், பஸ்ஸில் போய் வா. வந்த மாப்பிள்ளைகளில் பாதிப் பேரை அவர் வாணாம் என்றார், மீதியை நான் வாணாம் என்றேன். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒற்றுமை இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் சண்டை. அவர் வாயைத் திறந்ததுமே எனக்குத் தலைக்கு ஏறிவிடும். அவர் சொல்லும் காரணம் காதில் விழுவதற்குள் நான் கத்தத் தொடங்கியிருப்பேன்.

வங்கித் தேர்வை ஒருமுறை எழுதித் தோற்றிருந்தேன். எங்கே தோற்றேன் என்று கண்டுபிடித்தது என் கல்லூரித் தோழி. உத்திரமேரூரில் கோயில் உத்தியோகக் குடும்பம் அவளுடையது. என் வயதுதான். அவள் முந்தைய தேர்விலேயே தேறி, வேலை உத்தரவுக்காகக் காத்திருந்தாள். பொழுது போகாததால் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தன் கைடைப் பிரித்து, ஒவ்வொரு கேள்வியாக ஆங்கிலத்தில் படிப்பாள். நான் விடை சொல்வேன். அவள் திருத்துவாள். நான் சண்டைக்குப் போவேன். அவள் அம்மா உள்ளேயிருந்து, “அந்தப் பொண்ணுக்கு மோர் குடு, சூடு தணியட்டும்” என்பார்.

ஒரு கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. கிராமங்களில் சாராயக் கடைகளை மூட வேண்டுமா? முதல் வாதம்: ஆம், குடியால் ஏழைக் குடும்பங்கள் அழிகின்றன. இரண்டாவது வாதம்: வேண்டாம், கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும், அதைக் குடித்து உயிர்கள் போகும்.

“முதலாவது மட்டும்” என்றேன்.

“ரெண்டும்.”

“ரெண்டாவது எப்படிடி சரியாவும்? அது கடக்காரன் பேசற பேச்சு.”

“யார் பேசினா உனக்கென்ன? கள்ளச்சாராயம் வருமா வராதா?”

“வரும்.”

“உயிர் போகுமா?”

“போவும்.”

“அப்புறம் என்ன?”

“அதுக்காவ கடைய தொறந்து வெக்கலாம்ன்றியா?”

“நான் ஒண்ணும் சொல்லலடி. கடையத் திறக்கச் சொல்லியா கேட்டிருக்கா? வாதம் விஷயத்தத் தொடறதா, காரணம் பெரிசா, நெஜமா நடக்கக்கூடியதா, அவ்ளோதான் கேட்டிருக்கா. நீ ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளை நெனச்சுண்டு அந்த ஆளோட சண்டை போடற.”

அது உண்மை. ‘வேண்டாம்’ என்று தொடங்கும் எந்த வாதத்தையும் நான் பெரியப்பாவின் குரலில்தான் கேட்டேன். கேட்ட உடனே அடித்துவிட்டேன். இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. பேருந்தில் பெண்களுக்குத் தனி இருக்கை வேண்டுமா என்று ஒரு கேள்வி. ஆம், மற்ற மாநிலங்களில் இருக்கிறது என்று ஒரு வாதம். வேண்டாம், பெண்கள் நின்றுகொண்டு போகப் பழக வேண்டும் என்று இன்னொன்று. முதலாவது வலுவானது என்று மேசையைத் தட்டிச் சொன்னேன்.

“ரெண்டும் சொத்தை” என்றாள். “மத்தவா பண்றாங்கறது ஒரு காரணமா?”

“எனக்கு சீட்டு வேணும்டி. தெனம் காஞ்சிபுரம் வரைக்கும் நின்னுக்கினு போனவ நானு.”

“அது நல்ல காரணம். அதை அவன் எழுதலையே.”

அன்றைக்கு மோர் இரண்டு தம்ளர் குடித்தேன்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே வலுவானவை என்ற விடையையும் இரண்டுமே சொத்தை என்ற விடையையும் நான் அதுவரை ஒரு தடவைகூடக் குறித்ததில்லை. அவை கண்ணில் படவே இல்லை. எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. வரப்பு வெட்டினாலும், மாடு மேய்ந்தாலும் ஏரிக்கரையில் கூட்டம் கூடும். கூட்டம் முடியும்போது ஒருவர் சரி, ஒருவர் தப்பு. தப்பு செய்தவர் அபராதம் கட்டுவார். இரண்டு பேரும் சரி என்று சொன்னால் கூடியவர்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். இரண்டு பேரும் தப்பு என்றால் அவர்களை அடிக்கவே வந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தை எட்டிப் பார்த்து வளர்ந்தவள் நான். எந்தக் கேள்விக்கும் ஒருவன் ஜெயிக்க வேண்டும், ஒருவன் தோற்க வேண்டும் என்று என் கை தானாகப் போய்விடும்.

மாசி மாதம் ஹால் டிக்கெட் வந்தது. தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை, மெட்ராஸில். அது எனக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பு தாண்டிவிடும், விண்ணப்பமே போட முடியாது. அதை விட்டால் ஏதாவது ஒரு மாப்பிள்ளைக்குத் தலையாட்டிவிட்டுக் காலம் முழுக்க வேறொருவரின் வாணாமைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எங்கள் வாணாமாவது பழகிப்போன வாணாம்.

காலை பஸ் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. சனிக்கிழமையே கிளம்பி, சைதாப்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் எழுத வேண்டும். அண்ணன் துணைக்கு வருவான். இதைச் சொன்னபோது பெரியப்பா மாட்டுக்கொட்டகை வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், “வாணாம்” என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாமா, அவங்கப்பா இருந்தா அனுப்பியிருப்பாரு” என்றாள்.

அண்ணன், “மேலத்தெரு பொண்ணு நர்ஸ் வேலைக்கி போவல? ஊரே போவுது” என்றான்.

பெரியப்பா காம்பைத் தரையில் குத்தி இறுக்கினார். “ஞாயித்துக்கெயம யாரு முறை?”



ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டால் எங்கள் ஊரில் முறை வைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். அந்த நாளில் மதகிலிருந்து வரும் தண்ணீர் முழுவதும் அவர்கள் கழனிக்குத்தான். ஆனால் முறை இருந்தால் மட்டும் போதாது, காவலும் இருக்க வேண்டும். மதகடியில் ஓர் ஆள், வாய்க்காலில் நடந்துகொண்டே ஓர் ஆள். இல்லாவிட்டால் வழியில் இருப்பவர்கள் கரையை வெட்டித் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். சனி ராத்திரி தொடங்கி ஞாயிறு ராத்திரி வரை எங்கள் முறை. நெல் கதிர் வாங்கும் நேரம் வேறு.

“நான் மதகாண்ட நிப்பேன்” என்றார் பெரியப்பா. “கால்வாயில எவன் நிப்பான்? இவன் உங்கூட பட்டணத்துக்கு வந்துட்டா?”

“கூலிக்கு ஆள் வெய்யி பெரிப்பா” என்றான் அண்ணன்.

“கூலிக்கு நிக்கிறவன் ஊருகாரனோட சண்ட போடுவானா? மம்பட்டிய போட்டுட்டு பீடி புடிக்க போயிடுவான். இந்த தண்ணி போனா மறுமுறைக்கி எட்டு நாளு. அதுக்குள்ள கதிரு பதராப் பூடும். வருசம் முச்சூடும் பதரையா துன்றது?”

“நான் தனியாப் போறேன்” என்றேன். அம்மா அழுதாள். அது வாதமே இல்லை, ஆனால் அதை யாராலும் தாண்ட முடியவில்லை.

வழக்கம் போல நெஞ்சில் சூடு ஏறியது. வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. என் பக்கம் பேசிய இரண்டு பேரும் சொன்னது சொத்தை. அப்பா இருந்திருந்தால் அனுப்பியிருப்பார் என்பதற்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பந்தமில்லை. ஊரே போகிறது என்பது அந்த பஸ் இருக்கைக் கேள்வியேதான். வாணாம் என்ற மனிதர் சொன்னது விஷயத்தை நேராகத் தொட்டது, பெரிய காரணம், நிச்சயம் நடக்கக்கூடியது. எனக்கு வேண்டியவர்கள் உளறுவதும் வேண்டாதவர் சரியாகப் பேசுவதும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதில் விழுந்தது. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“பெரியப்பா சொல்றது சரிதான்” என்றேன்.

அண்ணன் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தான். அம்மாவின் அழுகை நின்றுவிட்டது. பெரியப்பா முதன்முதலாக நிமிர்ந்தார்.

“இன்னா சொன்ன?”

“நீங்க சொல்றது சரி. தண்ணி போனா கதிரு பதராயிடும். ஆள் இல்லாம தண்ணி வராது. ஆனா நான் சொல்றதும் சரி. இந்த பரிட்ச போனா அடுத்ததுக்கு வயசு இல்ல. தண்ணியாவது எட்டு நாள் கழிச்சி வரும். இது வராது.”

“எட்டு நாள் கழிச்சி தண்ணி வரும். பயிரு நிக்குமா?”

“நிக்காது.”

“அப்ப?”

“அப்ப ரெண்டும் சரி. எனுக்கு ஒண்ணும் தெரியல. நீங்களே சொல்லுங்க.”

நான் கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். மண்வெட்டியோடு கழனிக்குப் போயிருப்பார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். இப்படி ஒரு சங்கடத்தை நான் அவர் மடியில் போட்டதே இல்லை. கொஞ்ச நேரம் காம்பைத் தடவிக்கொண்டிருந்தார். “இன்னா புது பேஜாரா கீது” என்று முணுமுணுத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அண்ணன் பின்னாலேயே போனான்.

தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்க் கைடைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. “ரெண்டும் சரின்னு நீயா சொன்ன? உங்க பெரியப்பாகிட்டயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். “ஆத்துக்குப் போ. ரெண்டு பேர்ல ஒருத்தர் கத்தாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. இனிமே அவர் யோசிப்பார்.” எனக்கு நம்பிக்கை இல்லை. கைடை மறுபடி கேரியரில் வைத்துக் கட்டி அனுப்பினாள்.

நான் திரும்பியபோது பெரியப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். மாட்டைப் பார்த்தபடியே, “புதன்கெயமைக்கி மாத்திக்கினேன்” என்றார். “சனிக்கெயம கௌம்பு. வேற எங்கியும் சுத்தாத வந்து சேருங்க.”

நடந்ததை அண்ணன் சொன்னான். திங்கட்கிழமை முறைக்காரர் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றாராம். செவ்வாய்க்கிழமைக்காரரும் அதையேதான் சொன்னாராம். அதற்கு மேல் தள்ளினால் பயிர் தாங்காது. மிச்சமிருந்தவர் புதன்கிழமைக்காரர். அவரோடு வரப்புத் தகராறில் பெரியப்பாவுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோய் வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. எதிரே வந்தால் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் துப்பிவிட்டுப் போவார்கள். பெரியப்பா அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார்.

“இன்னாய்யா, வூடு தேடி வந்துகிற? ஏரி ஒடஞ்சிப்போச்சா?”

“தண்ணி விசியம். எம் முறைய நீ எத்துக்கோ. ஒன்னுத எனுக்கு குடு.”

“ஏன், ஞாயித்துக்கெயம தண்ணி கசக்குதா?”

“பொண்ணு பட்டணத்துக்கு பரிட்ச எயுதப் போவுது. பையனும் கூட போவணும். எனுக்கு ஆள் இல்ல.”

“அத்த எங்கையில ஏன் சொல்ற?”

“கேக்கறவங்க எல்லாத்தையும் கேட்டுட்டேன். நீதான் பாக்கி.”

“கலெக்டர் பரிட்சையா?”

“பேங்க்கு.”

“அப்ப எனுக்கு லோன் குடுப்பாளா?”

“ஒனுக்கு குடுக்காதன்னு சொல்லி வெப்பேன்.”

அந்த மனிதர் சிரித்துவிட்டாராம். உள்ளே திரும்பி நாற்காலி கொண்டுவரச் சொன்னாராம். பெரியப்பா உட்காரவில்லை. “வேல கீது” என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

தேர்வை எழுதினேன். அந்தப் பகுதி வந்தபோது நிதானமாகப் படித்தேன். பெரிய அணைகள் கட்டுவதை நிறுத்த வேண்டுமா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம், ஊரை இழக்கும் மக்களுக்குப் பிழைப்பு போகிறது. வேண்டாம், அணை இல்லாவிட்டால் வறண்ட நிலங்களுக்குப் பாசனம் இல்லை. ‘வேண்டாம்’ பெரியப்பாவின் குரலிலேயே கேட்டது. இந்தத் தடவை கடைசி வரை கேட்டேன். இரண்டுமே வலுவானவை என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

புதன்கிழமை எங்கள் முறை. வாய்க்காலில் நான் நிற்கிறேன் என்று சொன்னேன். பெண்கள் நிற்கும் வழக்கமில்லை. பெரியப்பா வாணாம் என்று தொடங்கினார், பிறகு என்ன நினைத்தாரோ, மண்வெட்டியைக் கொடுத்தார். அண்ணன் மடை திருப்பினான், அவர் மதகடி, நான் நடுவில். உச்சி வெயிலில் தண்ணீர் திடீரென்று மெலிந்தது. மேலே நடந்து போய்ப் பார்த்தால், ஒருவர் கரையை வெட்டித் தன் கத்தரித் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கி யாரு முறை?” என்றேன்.

“கொஞ்சூண்டு தாம்மா. செடி வாடுது பாரு.”

“செடி வாடறது நெசம். முறை எங்களுது. மூடுங்க.”

“பொம்பளப் புள்ள மம்பட்டி புடிச்சிக்கினு வந்து மெரட்டற.”

“பொம்பள புடிச்சா மம்பட்டி வெட்டாதா? நீங்க மூடறீங்களா, நான் மூடட்டுமா?”

அவர் மூடினார். கூலிக்கு நிற்பவன் சண்டை போட மாட்டான் என்று பெரியப்பா சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது தெரிந்தது. நான் சந்தோஷமாகச் சண்டை போட்டேன்.

சாயங்காலம் கஞ்சி குடிக்கும்போது, “பரிட்சையில இன்னா கேட்டான்?” என்றார் பெரியப்பா. ஒன்றைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சையை ஒழித்துவிடலாமா? ஆம், பிள்ளைகளுக்குப் பரீட்சை பிடிக்கவில்லை. வேண்டாம், அது காலங்காலமாக நடக்கிறது.

“இத்தயா கேட்டான்? ரெண்டுமே தண்டம்” என்றார். “புடிக்கலன்றது ஒரு காரணமா? எனுக்குந்தான் பாவக்கா புடிக்கல. உங்கம்மா விட்டாளா?”

“நானும் ரெண்டும் தண்டம்னுதான் போட்டேன்.”

“இதுக்கா என்ன அவங்கிட்ட போய் நிக்க வெச்ச?” என்றவர், கஞ்சிக் கலயத்தை என் பக்கம் தள்ளினார்.

அறுவடையில் பள்ளக் கழனி நன்றாகவே கண்டது. மேட்டுக் கழனியில் பாதி பதர். மூன்று நாள் தள்ளியதை அந்த மண் தாங்கவில்லை. களத்தில் தூற்றும்போது பதர் காற்றில் பறந்து எங்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது. பெரியப்பா பேசாமலிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற நாட்களில் அவர் பேசினால் பொறுக்காது. நானே ஆரம்பித்தேன்.

“என்னாலதான பெரியப்பா?”

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே” என்றார், முறத்தைக் கீழே வைக்காமல். “சொல்லிட்டுத்தான மாத்தினேன்.”

எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறி வேலை உத்தரவு வர ஆவணி ஆகிவிட்டது. ஆரணியில் ஒரு கிளை. இத்தனை வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பகுதியில் எப்படி மதிப்பெண் எடுப்பது என்று வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். சூத்திரம் சொல்லித் தரும் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன. நான் படித்தது வேறு மாதிரி. மோர் கொடுத்து என்னைத் திட்டிய தோழிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதைவிட அதிகமாக, என் வாழ்க்கையில் எனக்கு எதிராக மிகச் சரியாகப் பேசிய மனிதருக்கு.

ஆரணிக்கு என்னைக் கொண்டுபோய் விட வந்தவர் அவர்தான். பஸ்ஸில் ட்ரங்குப் பெட்டியைத் தன் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, தனியாகத் தங்குவது ஏன் சரிப்படாது என்று வழி நெடுக ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பெரும்பாலானவை நல்ல காரணங்கள். நான் ஒன்றுக்கும் கத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் ‘ஆமா பெரியப்பா’ என்றேன். இறங்கியதும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்து, எனக்கு அறை தேட ஆரம்பித்தார்.